பிரேக் கத்துகிறதா? மேலூர் ரோட்டு வேப்பமரத்தடிக்குப் போங்கள்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருக்கிற இந்த சைக்கிள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வேப்பமரம், கிளையில் தொங்கும் இரண்டு பழைய டயர், தகரக் கூரைக்குக் கீழே ஒரு காற்றடிக்கும் பம்ப். அவ்வளவுதான் அடையாளம். ஆறு வாரத்துக்கு முன்னால் என் சைக்கிளை இங்கே கொடுத்தேன். நடுவில் இரண்டு தடவை நல்ல மழை பெய்து, நனைந்துகொண்டே ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. முன் பிரேக் சத்தம் திரும்ப வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னுடையது ஏழு கியர் சைக்கிள். அலுமினிய ரிம், வி பிரேக் (ரிம்மின் இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை வந்து பிடிக்கிற ரகம்). வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சிந்தாமணியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், காலையும் மாலையும் காவிரிப் பாலம் தாண்டியாக வேண்டும். போன ஐப்பசி மழையில் முன் பிரேக் கத்த ஆரம்பித்தது. லேசாகத் தொட்டாலே 'கீ...ச்' என்று காதைக் கிழிக்கும். விடிகாலையில் அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போகிற வயதானவர்கள் திடுக்கிட்டு ஒதுங்குவார்கள். ஒருநாள் ஒரு பாட்டி கையில் இருந்த சொம்பையே தவறவிட்டுவிட்டார். இறங்கி எடுத்துக் கொடுத்தேன். அன்று முழுக்க மனசே சரியில்லை.

அதற்குப் பிறகு முன் பிரேக்கைத் தொடவே தயங்கினேன். பின் பிரேக்கை மட்டும் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரிகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். சத்தத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டால் பாதி பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுகிற மாதிரி.

முதலில் டவுனில் ஒரு பெரிய ஷோரூமில் காட்டினேன். பெயர் வேண்டாம். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று சொல்லி, முன்னால் புதுசு போட்டு 450 ரூபாய் வாங்கினார்கள். நாலாவது நாள் சத்தம் திரும்பி வந்தது. மறுபடி போனேன். "புதுக் கட்டை அப்படித்தான் மேடம், ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்கள். மூன்று வாரம் ஓட்டினேன், சரியாகவில்லை.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. துரு எடுக்கிற ஸ்பிரேயை அடித்தால் சத்தம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முன் பிரேக்கில் அடித்தேன். சத்தம் உடனே நின்றது, எனக்கும் நிம்மதி. மறுநாள் காலை பாலத்தில் இருந்து அண்ணா சிலைப் பக்கம் இறங்கும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. லீவரைக் கைப்பிடி வரைக்கும் அழுத்திவிட்டேன், சக்கரம் பாட்டுக்கு உருண்டது. பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, காலை ரோட்டில் தேய்த்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். கை நடுக்கம் அடங்க டியூஷனில் அரை மணி நேரம் ஆனது. சத்தம் போடுகிற பிரேக்காவது வண்டியை நிறுத்தும். எண்ணெய் பட்ட பிரேக் நிறுத்தாது. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே எதுவானாலும் சரி, ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் படவே கூடாது.

அன்று சாயங்காலமே வேப்பமரத்தடிக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கதையைச் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். ஹேண்டில் பக்கம் 'டொக் டொக்' என்றது. "டீச்சரம்மா, இங்கயே லூசு இருக்கு. இது ஆடுனா பிரேக்கும் சேந்து ஆடும்" என்று அதை முதலில் இறுக்கினார். அடுத்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தார். ரிம்மில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது, அங்கேதான் கோட்டம். போக்ஸ் கம்பி இரண்டை அரைத் திருப்பு திருப்பினார், கோடு விழவில்லை.

முன் கட்டைகளைக் கழற்றி மோந்து பார்த்தார். "இதத் தேச்சுக் குடுத்தா இன்னைக்குப் புடிக்கும், நாளைக்கு மறுபடி வழுக்கும். உள்ள குடிச்சிருச்சும்மா" என்றார். வேறு ஜோடி போட்டார். பின் கட்டைகள் மூன்று வருடப் பழசு. அதையும் மாற்றிவிடச் சொன்னேன். "எதுக்கு? காடி இன்னும் இருக்கு பாருங்க" என்று ரப்பரில் வெட்டியிருந்த கோடுகளைக் காட்டினார். அந்தக் காடி தேய்ந்து மட்டமாகிற வரை கட்டை உழைக்குமாம். ஆனால் வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது ரப்பருக்குள் ஏதோ மின்னியது. கோணி ஊசியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரைக் கடுகு அளவுக்கு அலுமினியச் சில்லு. மழைக்காலத்தில் மணலும் சேறும் ரிம்மை அராவி, அந்தத் துணுக்கு கட்டையில் போய்ப் பதிந்துகொள்ளும். அதுவே திரும்ப ரிம்மைக் கீறும். மூன்று சில்லு எடுத்தார். பளபளவென்று இறுகிப்போயிருந்த ரப்பரை உப்புத்தாளில் தேய்த்து, கறுப்புத் தூள் கொட்டுகிற மாதிரி ஆக்கினார்.

ரிம்மைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு நுரையால் கழுவினார். காய்ந்ததும் சுத்தமான துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தார். மொபைல் ரிப்பேர் கடையில் சர்க்யூட் துடைக்க வைத்திருப்பார்களே, அதேதான். துணி கன்னங்கரேல் என்று ஆனது. கறுப்பு ஒட்டாமல் வருகிற வரை மூன்று துணி மாற்றினார்.

கடைசியில் செய்ததுதான் ஷோரூமில் விட்டுப்போன வேலை. காலித் தீப்பெட்டியைக் கிழித்து அட்டையை மடித்தார். கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் அதைச் செருகி, என்னைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அப்படியே ஆலன் கீயால் கட்டையை முறுக்கினார். அட்டையை உருவிய பிறகு மெதுவாகப் பிரேக் பிடித்தால், வண்டியின் முன்பக்கம் பார்த்த முனைதான் முதலில் ரிம்மைத் தொடுகிறது. பின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. கட்டை முழுசும் ஒரே நேரத்தில் போய் ஒட்டினால், அது ரிம்மைப் பிடிப்பதும் விடுவதுமாக வேகவேகமாக அதிரும், கட்டையைத் தாங்குகிற பிரேக் கையும் கூடவே அதிரும். நாம் கேட்கிற கீச்சல் அந்த அதிர்வுதான். முன் முனை முதலில் தொட்டால், அழுத்தம் ஏற ஏற பிரேக் கை லேசாக வளைந்து கட்டை முழுசாகப் படிகிறது. வி பிரேக் கட்டையோடு வருகிற குழிந்த வாஷரும் குவிந்த வாஷரும் இந்தச் சாய்வை வைப்பதற்காகத்தான். ஷோரூமில் நேராக வைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள்.

கட்டை 90, கூலி 100. மொத்தம் 190 ரூபாய். இவ்வளவு வேலைக்கு நூறு ரூபாய் கூலி குறைச்சல் என்று தோன்றியது. கூடக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை.

குறை உண்டா? உண்டு. அன்றைக்கே தருகிறேன் என்ற வண்டி மறுநாள் காலைதான் கிடைத்தது. மத்தியானம் ஒரு மணியில் இருந்து நாலு மணி வரை ஆள் இருக்க மாட்டார். கட்டையில் ஒரே ரகம்தான் வைத்திருக்கிறார். நல்ல கம்பெனிக் கட்டை வேண்டுமானால் நாமே வாங்கிப் போக வேண்டும், மாட்டித் தருவார். மழையில் பின் பிரேக் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குச் 'சர்ர்' என்கிறது. ரிம்மில் உள்ள தண்ணீர் வழிக்கப்பட்டதும் நின்றுவிடுகிறது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிஸ்க் பிரேக் வண்டியில் கேபிள் ரகம் மட்டும் பார்க்கிறார். ஆயில் ஓடுகிற ஹைட்ராலிக் டிஸ்க்கைத் தொட மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். நான் இருந்தபோது ஒரு காலேஜ் பையன் கேபிள் டிஸ்க் வண்டியோடு வந்தான். செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் தெறித்து, அவன் வண்டியும் கத்திக்கொண்டிருந்தது. டிஸ்க்கைத் துடைத்து, எண்ணெய் குடித்த பிரேக் பேடை (டிஸ்க்கைப் பிடிக்கிற கட்டையை) மாற்றிக் கொடுத்துவிட்டு, "தம்பி, சக்கரம் லாக் ஆவாம வேகத்தக் கொறச்சுக் கொறச்சு ஒரு இருபது வாட்டி புடி. அப்பத்தான் புது பேடு படியும்" என்று சொல்லி அனுப்பினார்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பதைத் தாண்டினால் வரிசை சேர்ந்துவிடுகிறது. உட்கார நாற்காலி கிடையாது, வேப்பமர நிழலில் நிற்கத்தான் வேண்டும்.