29 வருசமா கூடவே இருக்கிற ஜாமெட்ரி பாக்ஸ்

1996 ஜூன்ல, நான் ஆறாவது சேர்ந்தப்ப, கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில அப்புச்சி, அம்மாவோட அப்பா, வாங்கிக் குடுத்தது. பேரம் பேசி ரெண்டு ரூபா கொறச்சுட்டுத்தான் மூடியவே தொறந்தாரு. "ஏங்கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு இத்தன ஊசி, முள்ளெடுக்கவா?"ன்னாரு.

அவருக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடச் சாமான் சிலேட்டும் குச்சியும்தான். எனக்கும் ரெண்டாவது வரைக்கும் அதுதான். இட்டேரி வேலியில படர்ந்து கெடக்கற கோவத்தழையப் பறிச்சுக் கசக்கித் தேச்சா சிலேட்டு கருகருன்னு ஆயிரும். கையெல்லாம் பச்சை வாசம். அப்புறம் சிவப்பும் கருப்பும் கோடு போட்ட நடராஜ் பென்சில். அதுக்கும் அப்புறம்தான் இந்த டப்பா.

உள்ள இருந்ததுல பாகைமானிக்கு ஆயுசு கம்மி. ஏழாவது படிக்கறப்ப பக்கத்துப் பையன் அது மேலயே உக்காந்துட்டான். அதனால ஒண்ணும் முழுகிப் போயிரல. ரெண்டு மூலைமட்டத்தையும் ஒட்டி வெச்சா 45-ம் 30-ம் சேர்ந்து 75 டிகிரி வரும். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் கழிச்சா 15. கணக்கு வாத்தியார் காட்டிக் குடுத்தாரு, அதை வெச்சே ஓட்டிட்டேன். டப்பாவோட கீல்ல துரு வரும், மழைக்காலத்துல ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெ விட்டாப் போதும்.

காம்பஸோட இம்சை சொல்லி மாளாது. வட்டம் போட்டா ஆரம்பிச்ச எடமும் முடிஞ்ச எடமும் ஒட்டாது. மேல இருக்கற திருகு லூசானா கால் ரெண்டும் தன்னால விரிஞ்சிரும். கத்தி முனையில திருகி, பென்சிலுக்கு அண்டையில தீக்குச்சித் துண்டு ஒண்ணைச் சொருகி வெச்சேன். இன்னைக்கும் அப்படித்தான்.

இப்ப திருப்பூர்ல பேட்டர்ன் மாஸ்டரா இருக்கேன், துணி வெட்டறதுக்கு அளவு அட்டை போட்டுக் குடுக்கற வேலை. அட்டையோட ஓரத்துல காம்பஸ் முள்ளை ஓட விட்டு, தையலுக்கு விடற ஒரு செ.மீ.யைப் பென்சில் முனையில இழுத்துட்டே போயிருவேன். கழுத்து வளைவுல ஸ்கேல் வெச்சுப் புள்ளி புள்ளியாக் குறிக்கற வேலை மிச்சம்.

ஆனா எனக்குப் பிடிச்சது டிவைடர்தான். பள்ளிக்கூடத்துல அதுக்கு ஒரே வேலை, பெஞ்சுல பேரு செதுக்கறது. இப்ப பனியன் துணி மேல ஒரு இன்ச் லென்ஸை வெச்சு, டிவைடர் முள்ளுல ஒவ்வொரு கண்ணியாத் தொட்டு எண்ணறேன். குறுக்க ஓடற வரிசை கோர்ஸ், நெடுக்க ஓடறது வேல்ஸ். பால்பாயிண்ட் முனை வெச்சு எண்ணுனா ரெண்டு கண்ணி சேர்ந்து கணக்குத் தப்பிரும், கறையும் ஆகும். இந்த முள்ளு ஒரே ஒரு கண்ணிக்குள்ள நிக்கும்.

போன வாரம் மகளுக்குப் புதுசா ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினோம். அதுல வந்த காம்பஸ் மூணே நாள்ல ஒடிஞ்சது. "அப்பா, உங்களுது நல்லாத்தானே இருக்குது"ன்னு தீக்குச்சியோட எடுத்துட்டுப் போயிட்டா. திங்கக்கெழமை கணக்குப் பரீட்சை முடிஞ்சதும் திருப்பி வாங்கணும், டேபிள்ல நாலு பேட்டர்ன் அப்படியே கெடக்குது.