கருவைத் தூரைப் பிளக்க டிராக்டரில் எந்தப் பம்ப் போடலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கிளை விறகில் பெரிய பாடு இல்லை. பாடெல்லாம் தூரில்தான். ஜேசிபி வைத்துப் பிடுங்கிப் போட்ட வேலிக்கருவைத் தூர், வேர் முறுக்கிக்கொண்டு, இடுக்கெல்லாம் மணலை அப்பிக்கொண்டு கிடக்கும். அதைப் பிளக்க டிராக்டர் பின்னால் ஹைட்ராலிக் மிஷின் செய்ய வருகிறவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். பம்ப் வாங்குகிறவர் கேட்க வேண்டியது "நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?"

டன்னைத் தீர்மானிப்பது சிலிண்டரின் அகலமும் ஆயிலின் அழுத்தமும் (அதை அளப்பது பார் கணக்கில்). உள்விட்டம் 100 மி.மீ. உள்ள சிலிண்டருக்கு 175 பார் கொடுத்தால் 14 டன் தள்ளும். 125 மி.மீ. என்றால் அதே அழுத்தத்தில் 22 டன் வரும். பம்ப் தருவது வேகம். 100 மி.மீ. சிலிண்டர், அதற்குள்ளிருந்து ஆப்பைத் தள்ளும் 50 மி.மீ. ராடு, அது போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஆயில் வந்தால் ஆப்பு முழுதும் போக 7 நொடி, திரும்பி வர 5 நொடிக்குக் கொஞ்சம் மேல். 20 லிட்டர்தான் வருகிறது என்றால் போக 14, வர 11. நாள் முழுக்கத் தூர் தள்ளும் இடத்தில் இந்த வித்தியாசம்தான் கூலியும் டீசலும்.

சவுக்குக்கு 14 டன் தாராளம். கருவைத் தூரை நடுமுடிச்சில் குத்தாமல் ஓரத்திலிருந்து சில்லு சில்லாக எடுத்து வந்தால் அதற்கும் பெரும்பாலும் போதும். பெரிய தூர்தான் தினமும் என்றால் 125 மி.மீ. சிலிண்டருக்குப் போகலாம். ஆனால் அதே 40 லிட்டரில் ஒரு தள்ளலுக்கு 11 நொடி ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

இனிப் பம்ப். முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, டிராக்டரிலேயே ஹைட்ராலிக் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு ஹோஸ் இழுத்தால் என்ன என்பது. பம்ப் செலவு மிச்சம்தான். ஆனால் நம்மூரில் ஓடும் பழைய டிராக்டர்கள் பலவற்றில் வெளியே இருப்பது டிப்பர் டிரெய்லருக்கான ஒற்றைப் பாயிண்ட் மட்டும். அது ஆயிலைத் தள்ளும், திரும்ப இழுக்காது. டிரெய்லர் தன் எடையில் இறங்கிவிடும், படுத்துக் கிடக்கிற விறகு சிலிண்டர் எதன் எடையில் திரும்பும்? இருபக்கமும் வேலை செய்யும் கன்ட்ரோல் வால்வு தனியாகப் போட்டாக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆயில். பல மாடல்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். மேலே சொன்ன சிலிண்டர் நிரம்பவே 4.7 லிட்டர் வேண்டும், ஹோஸ் கணக்கு தனி. லெவல் இறங்கும். தூரிலிருந்து ராடு வழியாக உள்ளே போகிற மணல் நேராக டிராக்டரின் கியருக்குப் போகும். தோட்டத்து விறகை வருஷத்துக்கு நாலு நாள் பிளப்பவர் இதை வைத்துக்கொள்ளலாம். தொழிலுக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஆன்லைனில் "லாக் ஸ்பிளிட்டர் பம்ப்" என்று போட்டால் வந்து நிற்கும் இரண்டு ஸ்டேஜ் பம்ப். பாரம் இல்லாதபோது அதிக ஆயிலோடு வேகமாக ஓடும், கட்டையில் முட்டியதும் ஆயிலைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும் சின்னப் பெட்ரோல் என்ஜினுக்காகச் செய்தது. பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் அந்த வேகத்துக்கானது. டிராக்டரின் பின்னால் மிஷின்களை ஓட்டும் தண்டான பிடிஓ சுற்றுவது நிமிஷத்துக்கு 540 தடவை. 3,600-க்கு 41 லிட்டர் என்று எழுதிய பம்ப் 540-ல் 6 லிட்டர்தான் தரும். மூன்று மடங்கு கியர்பாக்ஸ் போட்டாலும் பாதிகூட வராது. 35 குதிரைசக்தி டிராக்டர் இருக்கும்போது இந்தச் சிக்கன ஏற்பாடே தேவையில்லை. 40 லிட்டர், 175 பாருக்கு வேண்டியது 18, 19 குதிரைசக்திதான்.

மூன்றாவது, பிடிஓ தண்டில் நேரே மாட்டும் பெரிய பம்ப். 540-லேயே 40 லிட்டர் வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 80 சிசி வேண்டும். கியர்பாக்ஸ் இல்லை, சத்தம் குறைவு, பழுதாக இடமும் குறைவு. குறை என்னவென்றால் கனம். முழுக் கனமும் பிடிஓ தண்டில் தொங்கும், பம்ப் உடல் தானும் சேர்ந்து சுற்றப் பார்க்கும். அது சுற்றாமல் பிடிக்க ஒரு கை அடித்து, சங்கிலி போட்டு டிராக்டரில் கட்ட வேண்டும். சீல் போனால் உதிரிப்பாகம் கிடைப்பதும் சிரமம்.

இந்தக் கடற்கரைக்கு ஏற்றது நான்காவதுதான்: 1:3 வேகமேற்றும் கியர்பாக்ஸ், அதன் பின்னால் 25 சிசி கியர் பம்ப், தனி டாங்கி. 540 மூன்று மடங்கானால் 1,620. 25 சிசிக்கு 40 லிட்டர், கசிவு போக 38 நிச்சயம். 25 சிசி என்பது பரவலாகப் புழங்கும் அளவு, மதுரைக்குப் போனால் சீல் கிட் வாங்கி வரலாம். பல்சக்கரத்துக்குப் பதில் தகடுகள் சுழன்று ஆயிலைத் தள்ளும் வேன் பம்ப் சத்தம் குறைவு என்று யாராவது சொல்வார்கள். மணலும் தூசியும் பறக்கும் இடத்தில் அது தாங்காது. கியர் பம்ப் ஓரளவு அழுக்கைப் பொறுக்கும்.

வாங்கும்போது சுற்றும் திசையைச் சொல்லி வாங்குங்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ வலஞ்சுழியாகச் சுற்றும். நேரே மாட்டும் பம்பை அதன் தண்டுப் பக்கமிருந்து பார்த்தால் அதுவே இடஞ்சுழி. ஒரு ஜோடிப் பல்சக்கரம் உள்ள கியர்பாக்ஸ் திசையை மாற்றிவிடும், அதன் பின்னால் மாட்டும் பம்ப் வலஞ்சுழியாக இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் வெளியேறும் அழுத்தம் சீல் பக்கம் திரும்பும். சில நொடியில் தண்டு சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும், பழி கம்பெனி மேல் விழும்.

பெல்ட் புல்லியைப் பம்ப் தண்டில் நேரடியாக ஏற்றுவதும் இங்கே பல பட்டறைகளில் நடக்கிறது. செய்யாதீர்கள். அந்தத் தண்டு சுற்றுவதற்கானது, பக்கவாட்டில் இழுபடுவதற்கு அல்ல. புஷ் ஒரு பக்கமாகத் தேயும், பல்சக்கரம் உடலை உரசும்.

பம்புக்கு ஆகும் பணத்தில் கஞ்சம் பிடித்தாலும் உறிஞ்சு பக்கத்தில் பிடிக்காதீர்கள். விறகு மிஷினில் சாகும் பம்புகள் பெரும்பாலும் அழுத்தத்தால் சாவதில்லை, ஆயில் போதாமல்தான் சாகின்றன. 40 லிட்டருக்கு உறிஞ்சு ஹோஸ் ஒன்றேகால் அங்குலம், உள்ளே கம்பிச்சுருள் வைத்தது. டாங்கி பம்பைவிட உயரத்தில். அழுத்த ஹோஸ் அரை அங்குலம், திரும்பும் ஹோஸ் முக்கால். முக்கால் அங்குலத்தையே உறிஞ்சுக்கும் போட்டால் பம்ப் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போலக் கத்தும். ஆயிலுக்குள் வெற்றிடக் குமிழ்கள் உடையும் சத்தம் அது. அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் உள் உலோகம் புள்ளி புள்ளியாகப் பெயரும். சத்தத்தோடு ஆயிலில் நுரையும் கட்டினால் உறிஞ்சு ஹோஸின் கிளிப் எங்கோ காற்றை இழுக்கிறது. ஆயில் வெளியே சொட்டாது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஜாயிண்ட்டில் கிரீஸ் தடவிப் பாருங்கள், சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை.

டாங்கி 80 லிட்டராவது இருக்கட்டும். வைகாசி வெயிலுக்கு 46 நம்பர் ஆயிலைவிடக் கெட்டியான 68 நல்லது. உறிஞ்சில் கம்பிவலை ஸ்ட்ரெய்னர், திரும்பும் பாதையில் 25 மைக்ரான் ஃபில்டர். அழுத்தம் மிஞ்சினால் ஆயிலை டாங்கிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு 175 பாரில் நிற்கட்டும். கட்டை பிளக்கவில்லை என்று திருகை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள், கட்டையைத் திருப்பி வையுங்கள். சிக்கிய கட்டையில் லீவரைப் பிடித்துக்கொண்டே நின்றால் பம்பின் சக்தி முழுவதும் ரிலீஃப் வழியாகச் சூடாகிறது. 80 லிட்டர் ஆயில் ஒரு நிமிஷத்தில் 5 டிகிரி ஏறும். டாங்கியில் கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு நிழலில் விடுங்கள்.

கடலோரத்துக்கென்று தனி வினை ஒன்று உண்டு. வாலிநோக்கம், தேவிபட்டினம், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் ராடை நீட்டிய நிலையில் நிறுத்தினால் குரோமில் ஊசிமுனை அளவு துரு பிடிக்கும். அதைத் துணியால் துடைத்துப் பார்த்தால் நூல் இழை சிக்கும். அந்தப் புள்ளிதான் சீலை அரம் போல அறுக்கும். வேலை முடிந்ததும் ராடை உள்ளே இழுத்து நிறுத்துங்கள், வெளியே தெரியும் இடத்தில் கிரீஸ் பூசுங்கள். ஐப்பசி மழையில் டாங்கியின் மூடி வழியாகத் தண்ணீர் போனால் ஆயில் மோர் நிறத்துக்கு மாறும். அதை மாற்றத்தான் வேண்டும், ஓட்டிக் காய்ந்துவிடும் என்று விடக்கூடாது.

காயலான் கடைப் பம்ப் வாங்குவதென்றால் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பல்சக்கரம் சுழலும் குழியில் உறிஞ்சு வாய்ப் பக்கம் நகத்தை ஓட்டுங்கள். பளபளப்பான தேய்மானத் தடம் இருப்பது இயல்பு. நகம் படியில் தட்டி நின்றால் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். கழற்ற விடவில்லை என்றால் மிஷினில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். காலையில் 7 நொடியில் போன ஆப்பு, ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு பாரத்தில் 10, 11 நொடி எடுத்தால் உள்ளே கசிகிறது. குற்றம் சிலிண்டரிலா பம்பிலா என்று பிரிக்க: ராடை முழுதும் நீட்டி, என்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கியபின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸின் வாயை மட்டும் அடைத்துவிடுங்கள், சிலிண்டரின் வாய் திறந்தே இருக்கட்டும். பிறகு குறைந்த வேகத்தில், ராடை வெளியே தள்ளும் பக்கம் மட்டும் அழுத்தம் கொடுங்கள். சிலிண்டரின் திறந்த வாயில் ஆயில் விடாமல் ஒழுகினால் பிஸ்டன் சீல் போயிருக்கிறது, பம்ப் மேல் தப்பில்லை.

புதுப் பம்பை மாட்டிய அன்று உறிஞ்சு வாயில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு, வால்வு நியூட்ரலில் இருக்க, ஐடிலில் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். ஹோஸில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். 175 பாரில் பீறிடும் ஆயில் தோலுக்குள் ஏறிவிடும், அப்படி ஏறினால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. பிடிஓ தண்டுக்குப் பிளாஸ்டிக் கவசம் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். வேஷ்டி, கைலி, தோளில் துண்டு, சேலை முந்தானை எதுவும் அந்தத் தண்டின் பக்கம் போகக்கூடாது. லீவர் பிடிக்கிறவரே கட்டையும் வைக்கட்டும், இன்னொருவர் கை ஆப்புக்கு முன்னால் வரவே கூடாது.