டோருனில் ஒரு பகல்: எந்த டிக்கெட்டை எடுப்பது, எதை விடுவது?

போலந்துக்குப் போகிறவர்கள் கிராகோவுக்கும் வார்சாவுக்கும் நாட்களைப் பங்கு வைத்துவிட்டு, விஸ்டுலா ஆற்றங்கரை டோருனுக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்குகிறார்கள். டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியத் துறவிப் போர்வீரர் சபையினர் 1233-இல் நகர உரிமை வழங்கிய ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பியதால் பழைய செங்கல் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1997-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. பழைய நகரம் முழுவதையும் நடந்தே சுற்றிவிடலாம். நேரம் போவதெல்லாம் அருங்காட்சியகங்களுக்குள்தான்.

முதல் போட்டி வானியலாளர் கோப்பர்னிக்கஸ் பெயரில். 1473-இல் அவர் பிறந்த ஊர் என்பதால் எல்லாரும் நேராக அவர் பெயரில் இருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டில்தான் பிறந்தாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சந்தைச் சதுக்கத்திலும் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. கோதிக் என்ற இடைக்காலப் பாணியில் ஒரு வணிகர் வீடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய அவர் பெயரில் இருக்கும் வீடு நல்ல இடம். ஆனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் புனித யோவான் பேராலயத்தையே சொல்வேன். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வெண்கலத் தொட்டி அங்கே இருக்கிறது. 1500-இல் வார்த்த, சுமார் 7 டன் எடையுள்ள 'டூபா டேய்' மணியும் அந்தப் பேராலயக் கோபுரத்தில்தான். வெளியே வந்து ஆற்றுப் பக்கச் சுவரைப் பார்க்க மறக்காதீர்கள்: அங்குள்ள பழைய கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள். ஆற்றில் மரக்கட்டைத் தெப்பம் ஓட்டி வந்தவர்கள் தூரத்திலிருந்தே நேரம் பார்க்க வைத்தது. அவர்களுக்கு மணி தெரிந்தால் போதும், நிமிடம் எதற்கு?

அடுத்தது பியர்னிக். கம்பு மாவு, தேன், இஞ்சி, லவங்கம், பட்டை, மிளகு சேர்த்துச் சுடும் இந்தப் பண்டம்தான் ஊருக்கே அடையாளம். ஹான்சா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் நகரங்களில் ஒன்றாக இருந்ததால் மசாலா இங்கே வந்து சேர்ந்தது. மிளகு நம் மலபார்க் கரையிலிருந்து கிளம்பிய சரக்கு. பியர்னிக்குக்கு இரண்டு அருங்காட்சியகங்கள் உண்டு. பெயர்களும் ஒன்றுபோலவே இருப்பதால் பலர் குழம்பி மாற்றிப் போய்விடுகிறார்கள். ரபியான்ஸ்கா தெருவில் இருப்பது 'உயிருள்ள அருங்காட்சியகம்': குறித்த நேரத்தில் குழுவாக உள்ளே விடுவார்கள், பழங்கால உடையில் இருப்பவர்கள் நாடகம்போல நடத்துவார்கள், நீங்களே மாவை மர அச்சில் அழுத்திச் சுட வேண்டும். ஸ்ட்ருமிகோவா தெருவில் இருப்பது மாவட்ட அருங்காட்சியகத்தின் கிளை; குஸ்தாவ் வேசேயின் பழைய பியர்னிக் தொழிற்சாலைக் கட்டடம். அச்சுகள், அடுப்புகள், தொழில் வளர்ந்த விதம் எல்லாம் அங்கே. குழந்தைகள் உடன் வந்தால் யோசிக்காமல் ரபியான்ஸ்கா. ஆங்கிலத்தில் நடக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தனியாகப் போகிறவர், செதுக்கு வேலையை நிதானமாகப் பார்க்கிறவர் என்றால் ஸ்ட்ருமிகோவாதான். அந்த மர அச்சுகளில் இருக்கும் கைத்திறமைக்கு ஒரு மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே பகலில் அடைக்க வேண்டாம்.

மேலிருந்து பார்க்க நகர மண்டபக் கோபுரம், தூரத்திலிருந்து பார்க்க எதிர்க்கரை. கோபுரத்தில் கூரைகளும் சதுக்கமும் தெரியும், படி ஏற வேண்டும், காசும் உண்டு. எதிர்க்கரைக் காட்சி மேடைக்கு டிக்கெட் இல்லை. மதிலும் பேராலயமும் ஆறும் ஒரே பார்வையில் கிடைக்கும். முட்டி வலி உள்ளவர்களை நிச்சயம் எதிர்க்கரைக்கு அனுப்புவேன். மற்றவர்களுக்கும் என் ஓட்டு அதற்கே.

டியூட்டானிக் கோட்டையில் பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். டியூட்டானிக் ஆட்சியின் மேல் இருந்த கோபத்தில் 1454-இல் ஊர் மக்களே திரண்டு அதை இடித்துத் தள்ளினார்கள். நிலவறைகளும், கழிவறைக்காகக் கட்டிய 'க்டானிஸ்கோ' கோபுரமும் மிச்சம். அந்தக் கோபத்தின் கதை தெரிந்து போனால் இடிபாடு பேசும். தெரியாமல் போனால் வெறும் கல். சாய்ந்த கோபுரம் வழியில் இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று: டோருன் குவுவ்னி என்ற முதன்மை நிலையம் தென்கரையில், அதாவது காட்சி மேடை இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கியதும் மேடையை முடித்துக்கொண்டு பாலம் தாண்டி நகருக்குள் போங்கள். மாலையில் விளக்கொளியில் பார்க்க ஆசை என்றால் திரும்பும் ரயிலுக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.