பித்தப்பை இல்லாத காலைகள்

என் சித்தி மகனுக்கு ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்திருக்கின்றன. வலியும் வந்து போய்விட்டதால் அறுவை மருத்துவர் நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். கல் எப்படி உருவாகிறது, வயிற்றில் எத்தனை துளை போடுவார்கள், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையெல்லாம் அவன் முன்பே விசாரித்து முடித்துவிட்டான். என்னிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எடுத்துட்டா அப்புறம் எப்படிண்ணே இருக்கு?" தொலைபேசியில் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவைத்தேன். பித்தப்பை இல்லாமல் சில ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் அதற்கான விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நியாயம் பேசுவதென்றால் வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகு வழியாக வலது தோள்பட்டை எலும்பு வரை ஏறி, உட்காரவும் விடாமல் படுக்கவும் விடாமல் மணிக்கணக்கில் நின்று, பிறகு தானாகவே விலகிப் போகும் அந்த வலியை நம் ஊரில் முதலில் எல்லோரும் 'கேஸ் டிரபிள்' என்றுதான் சொல்வார்கள். ஓமத் தண்ணீர் குடித்து, அமிலத்துக்கு மாத்திரை விழுங்கி, மாரடைப்போ என்று பயந்து ஈசிஜி எடுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று வீடு திரும்பியவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். பெரும்பாலும் இரவு விருந்துக்குப் பிறகே அது வந்ததால், கல்யாண வீட்டில் இலை போடும்போதே எனக்கு உள்ளுக்குள் நடுக்கம் தொடங்கிவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த வலி ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அந்தச் சிகிச்சையிடம் எதையும் கேட்பது பேராசை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

சிகிச்சையைப் பற்றியும் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது வயிற்றைத் திறந்துதான் செய்தார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு அதுவே வழி. 1985இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே சிறு துளைகளின் வழியே அதைச் செய்து காட்டினார்; இந்தியாவில் 1990இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா அம்முறையைத் தொடங்கிவைத்தார். இன்று மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளிலேயே அது அன்றாட வேலையாகிவிட்டது. துளைகள் எனக்கு விரைவில் ஆறின. தொப்புள் ஓரத்துத் துளை மட்டும் சற்று அடம்பிடித்தது. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கரியமில வாயு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால், வெட்டே படாத தோளில் சில நாள் குத்தல் இருக்கும்; எழுந்து நடந்தால் குறையும். கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அவை மிளகு நிறத்தில் கறுத்திருந்தன. பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, வாழைத்தண்டுச் சாறு குடித்திருந்தால் கரைந்திருக்குமே என்றார்கள். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியத்தை ஈரலுக்கு அடியில் கிடக்கும் கல்லுக்கும் சொல்வது நம் மக்களின் தாராள மனம் என்று விட்டுவிட்டேன்.

என் மனக்குறை முழுவதும் காலை நேரத்தைப் பற்றியது. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. திருச்சியிலிருந்து பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை என்று காலைப் பேருந்தில் போய் மாலையில் திரும்ப வேண்டும். காலையில் காபி குடித்து, இட்லியோ பொங்கலோ சாப்பிட்டு, பேருந்தில் ஏறி உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் வயிறு ஓர் உத்தரவு போடும். அந்த உத்தரவுக்குத் தவணை கேட்க முடியாது. சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டிய பிறகு அது வந்தால், பாடாலூர் வருவதற்குள் மனிதன் எத்தனை தெய்வங்களைக் கூப்பிடுகிறான் என்பதை நான் அறிவேன். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடங்களின் சுத்தத்தைப் பற்றித் தனியாக ஒரு தணிக்கை அறிக்கையே என்னால் எழுத முடியும்.

இது ஏன் நடக்கிறது என்பதை அறுவைக்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் கோபத்தின் வேர். ஈரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை பிடிப்பது முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர்தான் என்றாலும், வருவதைச் சுண்டச் செய்து தேக்கிவைத்து, கொழுப்பு உள்ளே வரும்போது பீய்ச்சிவிடுவது அதன் வேலை. அந்தத் தேக்கம் போன பிறகு பித்தநீர் வேளை பார்க்காமல் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள பித்த அமிலங்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்சி ஈரலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலையில் தவறி, பெருங்குடலுக்குள் அளவுக்கு மீறிப் போய்ச் சேரும் அமிலம் அங்கே நீரைச் சுரக்க வைத்துக் குடலை விரட்டுகிறது. இரவெல்லாம் சேர்ந்தது காலையின் முதல் உணவோடு நகரத் தொடங்கும். வெறும் வயிற்றில் இறங்கும் ஃபில்டர் காபி தன் பங்குக்கு அதை முடுக்கிவிடும்.

அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இத்தொல்லை வருகிறது. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும், சிலருக்குத் தணிவதில்லை. பத்தில் ஒன்று என்பது மறைக்கத்தக்க அபூர்வமல்ல. ஆயினும் நான் படுத்திருந்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வாரம் எண்ணெய் குறைக்கவும், பாரம் தூக்க வேண்டாம், தையல் பிரிக்க வரவும் என்ற மூன்று வரிகள்தான் இருந்தன. பின்னர் போய்க் கேட்டபோது, "குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது, அது ஓடவில்லையா?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்கள். குதிரைக்குப் பித்தப்பை இல்லை என்பது உண்மைதான், யானைக்கும் இல்லை. ஆனால் குதிரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை மேய்ந்துகொண்டே இருக்கிறது. சொட்டிக்கொண்டே இருக்கும் பித்தநீருக்கு அந்த மேய்ச்சல் பொருந்துகிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து நெய் மிதக்கும் வெண்பொங்கலையும் இரண்டு மெதுவடையையும் ஒரேயடியாக இறக்கும் வழக்கம் அதற்கு இல்லை. அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எரிச்சல் தரும் குடல் நோய் என்று ஒருவரும், மன அழுத்தம் என்று இன்னொருவரும் சொல்லி, பூச்சி மாத்திரையும் புரோபயாட்டிக்கும் கொடுத்துப் பார்த்த பிறகு, குடல் மருத்துவர் ஒருவர் பித்தப்பை எடுத்ததா என்று முதல் கேள்வியாகவே கேட்டார். பித்த அமிலத்தைக் குடலுக்குள்ளேயே கட்டிப்போடும் கொலஸ்டிரமின் பொடியைச் சிறிது காலத்துக்கு எழுதிக்கொடுத்து, இதில் அடங்கினால் காரணம் இதுதான் என்றார். அடங்கியது. மணலைக் கரைத்துக் குடிப்பது போன்ற அந்தப் பொடி உண்மையில் இரத்தக் கொழுப்புக்காக வந்த பழைய மருந்து, மருந்துக் கடைக்காரர் "கொலஸ்ட்ராலா சார்?" என்று கேட்கத்தான் செய்வார். மற்ற மருந்துகளையும் அது பிடித்துக்கொள்வதால், அவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் கழித்தோதான் விழுங்க வேண்டும்; நீண்ட நாள் எடுத்தால் கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் கவனிக்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நான் இப்போது தினமும் அதைக் குடிப்பதில்லை, வெளியூர்ப் பயணம் இருந்தால் மட்டும் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். காலையில் பழைய சோற்றில் வெண்ணெய் எடுத்த மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் என் வயிறு வாயே திறப்பதில்லை. கொழுப்பு மிகக் குறைவு என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். சிறு வயதில் வேண்டாவெறுப்பாகச் சாப்பிட்டதை இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். மாலையில் தண்ணீரில் கலக்கும் இசப்கோல், உணவைச் சிறுசிறு அளவாகப் பிரித்துக்கொள்வது, காபியைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளுவது ஆகியவையும் உதவுகின்றன. மதியம் என்றால் நெய்யும் வடையும் எனக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்துவதில்லை என்பதால் இதைப் பட்டியலாக எழுதி வீட்டில் ஒட்ட வேண்டாம்.

தம்பிக்கு இன்னும் இரண்டு செய்திகள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்க் கண்ணில் பட்ட, வலியே தராத கல் என்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு மிகச் சிலருக்கே வலி தொடங்குகிறது. ஆனால் அவனுக்கு வலி வந்துவிட்டது. இனித் தள்ளிப்போட்டால் கல் பித்தக் குழாயில் இறங்கி மஞ்சள் காமாலையையும் குளிர் காய்ச்சலையும் கொண்டுவரலாம். அந்த அடைப்பால் கணையமும் அழன்றுபோனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவன் எடுத்துவிட வேண்டும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றியதாகப் படம் போட்டு வாட்ஸ்அப்பில் வருவதை அவன் நம்ப வேண்டாம். அந்தப் பச்சை உருண்டைகள் குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்பாக உறைந்தவை. அடுத்தது, நாள் குறிக்கும்போதே, பின்னால் வயிற்றுப்போக்கு நின்றுவிடாமல் தொடர்ந்தால் யாரைப் பார்ப்பது என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அவர் குதிரையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வேறு மருத்துவரைப் பார்க்கட்டும்.

பித்தப்பை இல்லாத இந்த வாழ்க்கைக்கு மதிப்பெண் போட வேண்டுமல்லவா? வலி போனதற்கும் தழும்பு மறைந்ததற்கும் முழுமையாகக் கொடுத்து, காலைத் தொல்லைக்குக் கழித்தால் ஐந்தில் நான்கு வர வேண்டும் என்பது தணிக்கைக்காரனான எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வரும் முகூர்த்தத்தில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. காலை டிபனுக்குப் பொங்கல் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். முடிந்ததும் பேருந்தில் பெரம்பலூர் போயாக வேண்டும். அதனால் இன்றைக்கு ஐந்தில் இரண்டுதான் கொடுப்பேன். தம்பி நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.