பைத்தான் 3.15: தமிழில் கணக்கு வைத்திருப்போருக்கான பதிப்பு

பைத்தான் நிரல்மொழியின் 3.15 பதிப்பு, அறிவிக்கப்பட்ட அட்டவணையின்படி 2026 அக்டோபர் 1 அன்று இறுதி வடிவில் வெளியாகவிருக்கிறது. அதன் முன்வெளியீட்டை நிறுவி, ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் மீன் கொள்முதல் செய்யும் சிறு கம்பெனிகளுக்காக நான் எழுதிப் பராமரித்து வரும் எடைக் கணக்கு நிரல்களை அதன் மீது ஓட்டிப் பார்த்த பிறகு இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். பெரும்பாலோர் பேசுவது, நிரலின் துணைப் பகுதிகளைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் சோம்பல் இறக்குமதியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும்தான். விண்டோஸ் கணினியில் தமிழில் தரவு வைத்திருப்பவருக்கோ, யாரும் பெரிதாகப் பேசாத இயல்புக் குறிமுறை மாற்றம் ஒன்றே இப்பதிப்பை நிறுவப் போதுமான காரணம் என்பது என் முடிவு.

இதுவரை இருந்த நிலையை முதலில் சொல்ல வேண்டும். எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிப்பது என்று வகுக்கும் முறையே குறிமுறை. கோப்பைத் திறக்கும்போது அது எது என்று நாம் குறிப்பிடாவிட்டால், இயங்குதளத்தின் பழைய குறிமுறையையே பைத்தான் எடுத்துக்கொள்ளும். லினக்ஸிலும் மேக்கிலும் அது பெரும்பாலும், எல்லா மொழி எழுத்துகளையும் அடக்கும் யூனிகோடின் குறிமுறையான யூடிஎஃப்-8 ஆகவே இருப்பதால் அங்கே வேலை செய்பவர்களுக்கு இச்சிக்கலே தெரியாது. நம் ஊர்க் கடைகளிலும் கம்பெனிகளிலும் இருப்பவை விண்டோஸ் கணினிகள். அவற்றில் இந்திய ஆங்கில அமைப்பின் இயல்பு 1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணை. கணினி முழுவதற்குமான பழைய குறிமுறையாகத் தமிழுக்கு ஒன்றையும் விண்டோஸ் வைத்திருக்கவில்லை என்பதால், தமிழ் அமைப்புக்கு மாற்றித் தப்பிக்கும் எளிய வழியும் இல்லாமல் போயிற்று.

இதன் விளைவு விசித்திரமானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்தப் பைட்டுகளை 1252 அட்டவணையின்படி படித்தால், 'சீலா', 'நகரை', 'பாறை', 'ஊளி', 'சூடை' ஆகிய மீன் பெயர்கள் எந்தப் பிழையும் காட்டாமல் உள்ளே வந்து, யூரோ குறியும் ஐரோப்பிய உயிரெழுத்துகளும் கலந்த குப்பையாக மாறி நிற்கும். 'நெத்திலி', 'நண்டு', 'கணவாய்', 'திருக்கை', 'சங்காயம்' ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கோப்பில் இருந்தாலோ நிரல் உடனே பிழை காட்டி நின்றுவிடும். காரணம் இதுதான்: மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, உகரக் குறி, தனித்து வரும் 'ஏ', 'ஐ' ஆகிய நான்கின் மூன்றாவது பைட்டுக்கும் 1252 அட்டவணையில் இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே நிரல் நிற்பதும் ஓடுவதும் அன்றைக்கு வலையில் என்ன மீன் பட்டது என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் அது மிகையல்ல. எழுதும் பக்கம் இன்னும் கடுமை. தமிழில் ஒரே ஒரு எழுத்தை எழுத முயன்றாலும் பிழைதான். திரையில் மட்டும் தமிழ் சரியாகத் தெரியும். ஏனெனில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான விண்டோஸ் முனையத்துக்கான திருத்தம் 2016-இல் வந்த 3.6 பதிப்பிலேயே செய்யப்பட்டுவிட்டது. அதே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் பழைய கதை மீண்டும் தொடங்கிவிடும். திரையில் சரியாக வந்ததைக் கண்டு நிரலை நம்பிய கணக்குப்பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டை விளக்குவது எளிதான காரியமாக இருந்ததில்லை.

3.15-இல் இந்த இயல்பு மாறிவிட்டது. பைத்தானில் மாற்றங்களை முன்வைக்கும் எண்ணிட்ட ஆவணங்களில் 686-ஆம் எண் முன்மொழிவின்படி, குறிப்பிடாவிட்டால் எல்லா இயங்குதளங்களிலும் யூடிஎஃப்-8 என்பதே இனி விதி. இது திடீரென்று எடுக்கப்பட்ட முடிவு அன்று. யூடிஎஃப்-8 முறைமை விருப்பத் தேர்வாக 3.7 பதிப்பிலேயே வந்தது. குறிமுறை குறிப்பிடப்படாத இடங்களைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை வசதி 3.10-இல் சேர்ந்தது, இப்போதுதான் இயல்பே மாற்றப்படுகிறது. நான் சோதித்த நிரல்களில், குறிமுறை எழுதாமல் விடப்பட்ட பழைய வரிகள் அத்தனையும், ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், தமிழைச் சரியாகப் படித்தன, சரியாக எழுதின. கோப்புக்குத் திருப்பிவிட்ட வெளியீடும் அப்படியே.

ஆயினும் இம்மாற்றத்தை முழுமனத்தோடு வரவேற்கும் முன் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது எக்செல் வழியாக வரும் கோப்புகள். எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் உரைக் கோப்பு) என்று தேர்ந்து சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளக் குறி சேர்கிறது. புதிய இயல்பு அதை நீக்குவதில்லை. அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. 'படகு' என்ற தலைப்பைத் தேடும் நிரல், திரையில் 'படகு' என்றே தெரியும் தலைப்பைப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று மறுக்கும். அக்குறியை விலக்கிப் படிக்கும் 'யூடிஎஃப்-8-சிக்' என்ற தனி வகையை அங்கே வெளிப்படையாகக் குறிப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மறுபுறம், பைத்தான் எழுதிய கோப்பில் அக்குறி இல்லாததால், அதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறப்பவர் தமிழுக்குப் பதில் குப்பையைக் காணக்கூடும். கம்பெனிக்காரர் கையில் கொடுக்கும் கோப்பை எழுதும்போதும் அதே தனி வகையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

இரண்டாவது, யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய டாப், டாம் என்ற எழுத்துருக் குறிமுறைகளிலும், அதற்கும் முன்பிருந்த தனியார் எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்யப்பட்ட கணக்குகள் இன்றும் பல கம்பெனிகளின் வன்தட்டுகளில் கிடக்கின்றன. 2010-இல் அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் யாரும் அவற்றை உட்கார்ந்து மாற்றவில்லை. படகு உரிமையாளருக்குக் கொடுத்த முன்பணம் எத்தனை ஆண்டு பழையது என்று பார்க்க அவை தேவைப்படும்போதுதான் மாற்று நிரலைத் தேடுவார்கள். அத்தகைய மாற்று நிரல்கள் சில, கோப்பை விண்டோஸின் பழைய இயல்பில் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் அட்டவணை பார்த்து யூனிகோடாக்கும்படி எழுதப்பட்டவை. 3.15-இல் அவை முதல் வரியிலேயே நின்றுபோகும். அந்தப் பைட்டுகள் செல்லத்தக்க யூடிஎஃப்-8 அல்ல. திருத்தம் சிறியதே: கோப்பைத் திறக்கும் இடத்தில் 256 பைட் மதிப்புகளையும் ஏற்கும் லத்தீன்-1 குறிமுறையை வெளிப்படையாக எழுதி, மாற்று அட்டவணையையும் அதற்கேற்பச் சரிபார்த்தால் போதும். ஆனால் அந்த நிரலை எழுதியவர் ஊரில் இல்லை என்றால் அந்தச் சிறு திருத்தமும் பெரிய வேலையாகிவிடும். இதே வகையில், வேறொரு விண்டோஸ் நிரலை இயக்கி அதன் வெளியீட்டைக் குழாய் வழியே வாங்கிப் படிக்கும் இடங்களையும் சரிபார்க்க வேண்டும்; அந்த நிரல்கள் பழைய அட்டவணையிலேயே பேசிக்கொண்டிருக்கலாம்.

தமிழ் சார்ந்து இப்பதிப்பில் இன்னொரு நல்ல சேர்க்கையும் உண்டு. யூனிகோட்டேட்டா என்ற உள்ளமைந்த தொகுதியில், உரையைப் பயனர் காணும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் 'இட்டர்_கிராஃபீம்ஸ்' என்ற செயற்கூறு வந்திருக்கிறது. 'நெத்திலி' என்பதன் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் எட்டு என்று சொல்லும். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. ரசீதில் மீன் பெயருக்குப் பதினைந்து இடம் ஒதுக்கி 'நெத்திலிக் கருவாடு' என்பதை அந்த இடத்தில் வெட்டினால், 'வா' எழுத்தின் கால் போய் 'நெத்திலிக் கருவ' என்று அச்சாகும். உண்மையில் அப்பெயர் இடைவெளியையும் சேர்த்துப் பத்து எழுத்துதான், வெட்டவே தேவையில்லை. இதுவரை இதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற வெளி நூலகத்தை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பை) நிறுவ வேண்டியிருந்தது. புதிய செயற்கூற்றுக்கும் எல்லை உண்டு. 'க்ஷ', 'ஸ்ரீ' ஆகியவற்றை அது யூனிகோடின் விதிப்படி இரண்டிரண்டாகவே பிரிக்கிறது. 'ஸ்ரீ' என்று தொடங்கும் படகுப் பெயர்களுக்குப் பஞ்சமில்லாத கரையில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அகலம் கொண்டவை என்பதால், எழுத்தை எண்ணுவதாலேயே ரசீதின் நெடுவரிசைகள் நேராகிவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. எழுத்து பாதியில் அறுபடாது என்பது மட்டுமே உறுதி.

பலரும் பாராட்டும் சோம்பல் இறக்குமதிக்கு வருகிறேன். 810-ஆம் எண் முன்மொழிவாக வந்து 2025 நவம்பரில் ஏற்கப்பட்ட இவ்வசதியின்படி, இம்போர்ட் வரிக்கு முன் 'லேசி' என்று சேர்த்தால், அந்தத் தொகுதி முதன்முதலாகப் பயன்படும் கணத்தில்தான் ஏற்றப்படும். இதே நோக்கத்தோடு முன்பு வந்த 690-ஆம் முன்மொழிவு 2022-இல் நிராகரிக்கப்பட்டது. எல்லா இறக்குமதிகளையும் மொத்தமாகச் சோம்பலாக்கும் அந்த அணுகுமுறையை விட, வரிக்கு வரி எழுதுபவரே தேர்ந்துகொள்ளும் இன்றைய வடிவம் எனக்கு எவ்வளவோ மேலானதாகத் தோன்றுகிறது. விசைப்படகுகள் கரை திரும்பும் காலை வேளையில் எடைத் தராசுக்கு அருகே இருக்கும் பழைய கணினியில், மாத அறிக்கைக்கு மட்டுமே தேவைப்படும், அட்டவணைத் தரவை அலசும் பாண்டாஸ் நூலகம் ஏறி முடியும்வரை கூடைகளை நிறுத்தி வைக்க முடியாது. லேசி சேர்த்த பின் எடைப் பதிவுத் திரை கண்கூடாக விரைவில் திறந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. நூலகம் நிறுவப்படாமல் இருந்தால் அப்பிழை தொடக்கத்தில் தெரியாது. மாதக் கடைசியில் அறிக்கைப் பொத்தானை அழுத்தும்போதுதான் வெளிப்படும். மேலும், இது கோப்பின் மேல்மட்டத்தில் மட்டுமே செல்லும். செயற்கூற்றுக்குள்ளோ 'ட்ரை' பகுதிக்குள்ளோ எழுத முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல், அதன் உள்ளே எந்த வரியில் நேரம் செலவாகிறது என்று மாதிரி எடுத்துக் காட்டும் புதிய அளவீட்டுக் கருவி, பெரிய சேவைகளை நடத்துவோருக்கு மிகப் பயன்படும். எங்கள் அளவுக்கு அது தேவைக்கு மிஞ்சியது. பட்டியல் உருவாக்கத்துக்குள்ளேயே நட்சத்திரக் குறியிட்டுப் பட்டியல்களை விரித்துச் சேர்க்கும் 798-ஆம் முன்மொழிவு சிறியது, அழகானது. ஒவ்வொரு படகின் பிடிப்பையும் ஒரே பட்டியலாக்க இரட்டைச் சுழற்சி எழுதும் வேலை மிச்சமாகிறது. நிரல் ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றி விரைவாக்க முயலும் ஜேஐடி தொகுப்பி இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது. எங்கள் நிரல்களின் நேரமெல்லாம் வன்தட்டிலும் அச்சுப்பொறியிலும் கழிவதால் அதனால் நான் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை.

எப்போது மாறுவது என்பதில் மட்டும் நம் கரைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் விசைப்படகுக் கணக்குகளில் கை வைக்க வசதியான காலம். இறுதிப் பதிப்போ, வடகடலிலும் (பாக் விரிகுடா) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) தொழில் நடந்துகொண்டிருக்கும் அக்டோபரில் வருகிறது. வெளியான அன்றே தராசுக் கணினியில் அதை நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்போது கையிலிருக்கும் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பிலேயே குறிமுறை எச்சரிக்கையை இயக்கி, அது சுட்டிக்காட்டும் வரிகளில் எல்லாம் குறிமுறையை எழுதி வைத்துவிட்டால், மாற்றம் எந்த நாளில் நடந்தாலும் பாதிப்பு இராது. விண்டோஸ் 10-க்கு முந்தைய கணினிகளில் 3.15 இயங்காது என்பதையும் கம்பெனிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 7 ஓடும் கணினிகளுக்கு 3.8-தான் கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவும் 2024-இல் முடிந்துவிட்டது. அவற்றை உடனே மாற்ற இயலாதவர்கள், யூடிஎஃப்-8 முறைமைக்கான PYTHONUTF8 என்ற சூழல் மாறியின் (விண்டோஸ் அமைப்புகளில் நாம் வைக்கும் ஒரு பெயரிட்ட மதிப்பு) மதிப்பை 1 என்று அமைத்துக்கொண்டால், குறிமுறையைப் பொறுத்தவரை 3.15 தரும் அதே பயனை அந்தப் பழைய பதிப்பிலேயே பெறலாம்.