கொரங்காட்டுக்கு எந்தப் பெட்டை: மேச்சேரியா, நெல்லூரா?

2021இல் பட்டி போட்டபோது இந்த இரண்டு செம்மறி ஆட்டினங்களிலும் பெட்டைகள் வாங்கினேன். மேச்சேரி 18, நெல்லூரில் ஜுடிபி வகை 12. இடம் மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். இன்று பட்டியில் நெல்லூர் இரண்டுதான் நிற்கிறது. ஆகவே நான் நடுநிலையோடு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

உருவத்தில் போட்டியே இல்லை. இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது நெல்லூர். பெட்டை 30 கிலோவைத் தொடும். மேச்சேரிப் பெட்டை 22, 23 கிலோவில் நின்றுவிடும். சந்தையில் வியாபாரியின் கை முதலில் நெல்லூர்க் குட்டியின் மேல்தான் விழும். மேச்சேரித் தோலுக்குப் பெரிய பெயர் உண்டு. ஆனால் தோலுக்கென்று எனக்கு இதுவரை யாரும் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்ததில்லை.

இரண்டுமே பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அதனால் கணக்கெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: ஈன்ற பெட்டை மறுபடி எப்போது கிடாய்க்கு நிற்கும்? சினைக்காலம் ஐந்து மாதம். ஈன்ற மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால் எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று, இரண்டு ஆண்டில் மூன்று குட்டி. தள்ளிப்போனால் இரண்டுதான். அந்த மூன்றாவது குட்டிதான் லாபம். முதல் இரண்டும் மருந்துக்கும் மேய்ப்பவர் கூலிக்குமே போய்விடும்.

சித்திரையில் புல் கருகிக் கட்டையாகிவிடும். உதிர்ந்த வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்றே ஆடுகள் காலம் தள்ள வேண்டும். 30 கிலோ உடம்புக்கு அது போதவில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நெல்லூர்ப் பெட்டையின் முதுகில் கை வைத்தேன். எலும்பு ரம்பப் பல்லாகத் தட்டுப்பட்டது. அதன் குட்டி மண்டியிட்டு மடியை இடித்து இடித்துப் பார்த்துவிட்டு, வேறு தாயிடம் ஓடி உதை வாங்கிக்கொண்டிருந்தது. அந்த உடம்போடு எந்த ஆடு பருவத்துக்கு வரும்? 12இல் ஐந்து, புரட்டாசி வரை கிடாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே காட்டில் அதே காயைத் தின்ற மேச்சேரிகளில் இரண்டு தவிர மற்றவை ஆவணிக்குள் சினை.

சோளத்தட்டும் கடலைக்கொடியும் போட்டுத் தேற்றலாம்தான், தேற்றினேன். குட்டியில் கிடைத்த கூடுதல் எடை அந்தச் செலவுக்கே சரியாகப் போயிற்று. கிணற்றுப் பாசனத்தில் கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளமும் வேலிமசால் பசுந்தீவனமும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் நெல்லூர் வாங்குவதில் தவறில்லை. என்னிடம் மிஞ்சியிருக்கும் இரண்டும் எந்தக் கோடையிலும் தவறாமல் ஈன்றவை.

வேம்பூர்ப் பொட்டாடு என்ற இன்னொரு செம்மறி இனத்தை எட்டயபுரம் பக்கத்தில் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். நான் வளர்த்தது இரண்டு, அதுவும் ஒரே வருடம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நெல்லூர்க் கிடாயை மேச்சேரிப் பெட்டைகளோடு சேர்த்தும் ஓர் ஈற்று பார்த்தேன். குட்டிகள் நன்றாக வளர்ந்தன. இரண்டு பெட்டைகள் ஈனச் சிரமப்பட்டன. அதற்கு மேல் துணியவில்லை.

மேச்சேரி என்று விற்பதெல்லாம் மேச்சேரி அல்ல. இந்த இனத்தில் கிடாய்க்கும் கொம்பு இருக்காது. வளைந்த கொம்போடு ஒரு கிடாய் நின்றால் அந்தப் பட்டியில் கலப்பு நடந்திருக்கிறது. பெட்டையைச் சந்தையில் பிடிக்காமல் பட்டிக்கே போய், குட்டியோடு நிற்கும் இரண்டு பல், நான்கு பல் முளைத்த இள ஆடுகளாகப் பார்த்து வாங்குங்கள். கிடாய்க்குப் பொட்டனேரியிலுள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். சொந்தப் பட்டியில் பிறந்ததையே கிடாயாக விட்டுவிடாதீர்கள்.