போர்டில் ‘இலவசம்’, கையை விட்டுப் போனது 38,500

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் நான். ‘இலவச சட்ட உதவி’ என்ற போர்டை நம்பி நான் விட்ட 38,500 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை.

தம்பிக்கு 23 வயது, பெயிண்டிங் வேலை. கோயில் நோம்பியில் நடந்த அடிதடியில் ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. நாலு பேரைப் பிடித்தார்கள், இவனும் அதில் ஒருவன். அடித்தானா இல்லையா என்பது கேஸில் வரட்டும், இங்கே அந்தப் பேச்சு வேண்டாம். ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாத பிரிவு, கோர்ட்டில்தான் ஜாமீன் கேட்க வேண்டும் என்று ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கோர்ட் வாசலில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஆபீஸ். தராசுப் படம், மூவர்ணப் பட்டை, பெரிய எழுத்தில் ‘இலவச சட்ட உதவி’. அரசாங்க ஆபீஸ் என்றே நினைத்துப் படியேறினேன்.

உள்ளே இருந்தவர் முதலில் கேட்டது கேஸைப் பற்றி இல்லை. “சாப்டீங்களாக்கா?” என்றார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் சாப்பிடவில்லை. ஸ்டேஷனில் அத்தனை நேரம் நின்றும் ஒருத்தர்கூட அப்படிக் கேட்கவில்லை. பையனை அனுப்பி டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார். தடித்த நோட்டில் தம்பி பெயரையும் எஃப்ஐஆர் நம்பரையும் எழுதிக்கொண்டார். “உங்க தம்பி என் தம்பி மாதிரி. வக்கீல் ஃபீஸ் ஒரு பைசா கிடையாது, கவர்மெண்ட் குடுத்துரும். ஃபைல் சார்ஜ் மட்டும் 3,500” என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டும் வந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

நாலு நாள் கழித்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் நகலுக்கும் ஜாமீன் மனுவுக்கும் 15,000. அப்புறம் ஷூரிட்டிக்கு, அதாவது ஜாமீனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, ஆள் ஏற்பாடு செய்ய 20,000. இதற்காகத்தான் கழுத்துச் செயின் அடகுக்குப் போனது. மொத்தம் 38,500. ரசீது ஒன்றும் கிடையாது. கடைசி 20,000 மட்டும் ஜிபேயில், அதுவும் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு.

பணம் போனதும் பேச்சு மாறிவிட்டது. சார் கோர்ட்டில் இருக்கிறார், மனு இன்னும் கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகவில்லை, ஜட்ஜ் லீவு, ஏபிபி (அரசுத் தரப்பு உதவி வக்கீல்) வரவில்லை, திங்கட்கிழமை வாங்க. திங்கட்கிழமை போனால் ஷட்டர் மூடியிருந்தது. ஒரு நாள் போனை எடுத்து, “ஏங்க்கா பறக்கறீங்க, 90 நாள் ஆனா தானா வெளிய வந்துருவான்” என்றார். இதுவும் பச்சைப் பொய் என்று பிறகுதான் தெரிந்தது. வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால்தான் அந்த ஜாமீன், அதற்கும் நாம் மனுப் போட வேண்டும். தானாகக் கதவு திறக்காது.

விஷயம் உடைந்தது ஜெயிலில் தம்பியைப் பார்க்கப் போனபோது. “வக்காலத்துல கையெழுத்து வாங்க யாருமே வரலியேக்கா” என்றான். வக்காலத்து என்றால், எனக்காக ஆஜராகுங்கள் என்று வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் தாள். பொதுவாக உள்ளே இருப்பவனிடம் அதில் கையெழுத்து வாங்கித்தானே வக்கீல் ஆஜராவார்? பதினேழு நாளாக எனக்கு அது உறைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னான். ரிமாண்ட் அன்றைக்கே மாஜிஸ்ட்ரேட், “வக்கீல் இருக்கா, இல்லேன்னா இலவசமா வச்சுத் தரட்டுமா” என்று கேட்டாராம். இவன், “அக்கா பாத்துக்கும்” என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் கோர்ட்டில் விசாரித்தால், அவன் பெயரில் ஒரு மனுவும் இல்லை.

அங்கிருந்த குமாஸ்தா ஒருவர்தான் அதே வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸைக் காட்டினார். நான் தினமும் டீ குடித்த கடையிலிருந்து ஐம்பது அடி இருக்கும். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், பணம் கேட்கவில்லை. 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், காவலில் இருக்கிறவருக்கு வருமானமே பார்க்காமல் வக்கீல் உண்டு என்றார்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படித்தான். அவர்கள் அனுப்பும் வக்கீல் நம்மிடம் ஃபீஸ் என்று எதையும் வாங்கக் கூடாது. இரண்டாம் நாளே ஒரு வக்கீலம்மா ஜெயிலுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

38,500ஐத் திருப்பிக் கேட்க மாடிக்குப் போனேன். “போர்டைச் சரியாப் படிச்சீங்களா?” என்றார். படித்தேன். ‘இலவச சட்ட உதவி’ என்பதற்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் ‘ஆலோசனை’. ஆலோசனை மட்டும்தான் இலவசமாம். இந்தத் தடவை அக்கா என்றும் கூப்பிடவில்லை, டீயும் வரவில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்ணான 15100க்குப் போன் போடுங்கள். ‘இலவசம்’ என்று சொல்லிவிட்டு ஃபைல் சார்ஜ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று உள்ளே இருப்பவரிடமே கேளுங்கள். மனுப் போட்டாச்சு என்றால் நம்பர் கேளுங்கள், இ-கோர்ட்ஸ் ஆப்பில் காசில்லாமல் பார்க்கலாம். மாஜிஸ்ட்ரேட் வக்கீல் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை வைத்து ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறேன். மனு நேற்றுத்தான் நம்பர் ஆனது. தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.